பளிச்சென்று எரிந்த சிவப்பு விளக்கு

சித்தப்பாவின் உழவு இயந்திரத்துக்கு இரண்டு வருடத்தில் மூன்று பற்றரி வாங்கியாயிற்று. மூன்றாவதும் மாசி மாதம், காலபோக நெல் அறுத்து ஏற்றிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம் கைவிட்டது. குமுளமுனைப் பக்கத்து வயலில் பெட்டி நிறைய மூட்டை. சாவியைத் திருப்பினால் 'டிக்' என்று ஒரு சத்தம், அதோடு சரி. வேறொரு மெசினைக் கூப்பிட்டு, சங்கிலி போட்டு இழுத்து, கியரில் விட்டுக் கிளப்பி, அன்று முழுக்க நிப்பாட்டாமலே ஓட்டினார்கள். சாப்பாட்டு நேரத்திலும் அது மரநிழலில் தனியே உறுமிக்கொண்டு நின்றது. வன்னியில் இது புதிய காட்சி அல்ல. டீசல் எஞ்சினுக்குப் பற்றரி கிளப்பும்வரைதான் தேவை. உருளைக்குள் அமுக்கப்படும் காற்றின் சூட்டிலேயே எண்ணெய் பற்றிக்கொள்வதால், ஒருமுறை ஓடத் தொடங்கினால் மின்சாரமே இல்லாமல் நாள் முழுக்க ஓடும். நிப்பாட்டினால்தான் வினை.

"இந்தமுறையும் பழசைத் தந்து ஏமாத்திப்போட்டான்" என்று பற்றரி விற்றவரைத் திட்டினார் சித்தப்பா. நானும் அப்படித்தான் நினைத்தேன். அதில் ஒரு சங்கடம் மட்டும் இருந்தது. மூன்று பற்றரியும் மூன்று வெவ்வேறு கடையில் வாங்கியவை.

எங்கள் ஊர் முள்ளியவளையில் 2009இல் போர் முடியும் முன் ஓடிய மெசின்கள் பல, சனத்தையும் சாமானையும் ஏற்றிக்கொண்டு முள்ளிவாய்க்கால் வரை போய்த் திரும்பி வரவில்லை. மீளக் குடியேறிய பிறகு அவரவர் கிடைத்ததை வாங்கினார்கள். சித்தப்பாவுக்குக் கிடைத்தது 'ஸ்ரீ' இலக்கத் தகட்டோடு வவுனியாவிலிருந்து வந்த ஒரு மாசி ஃபெர்குசன் 35. இங்கிலாந்தின் கொவென்றி நகரில் 1950களின் பிற்பாதியில் தொடங்கி 1964 வரை செய்த வகை. மூன்று உருளைப் பேர்க்கின்ஸ் எஞ்சின், சுமார் இரண்டரை லீற்றர் கொள்ளளவு. 1960இல் சென்னையில் தொடங்கிய டாஃபே நிறுவனம் இதே வம்சத்து இயந்திரங்களைப் பல தசாப்தங்களாகச் செய்துவந்ததால் உதிரிப்பாகத்துக்குப் பெரிய பஞ்சமில்லை. அறுபது வயதான மெசின் இன்னும் வயலில் இறங்குவதற்கு அதுவும் ஒரு காரணம்.

பழைய மெசின்களில் மின்சாரம் தருவது டைனமோ. அதன் வலு சொற்பம், இந்த வகை உழவு இயந்திரங்களில் 11 அம்பியர் அளவில்தான் இருக்கும். கிளப்புவதற்கு அது போதும். ஸ்டாட்டர் 300 அம்பியரை ஐந்து விநாடி இழுத்தால் போவது அரை அம்பியர்-மணிக்கும் குறைவு; டைனமோ சில நிமிடத்தில் திருப்பிக் கொடுத்துவிடும். ஆனால் இன்று யார் பகலில் மட்டும் உழுகிறார்கள்? ஐப்பசி மழை விழுந்ததும் எல்லோருக்கும் ஒரே நாளில் உழவு வேண்டும், இரவிரவாக வேலை நடக்கும். 55 வாற்று லைற் நாலு போட்டால் 220 வாற்று, 12 வோல்ற்றுக்குக் கிட்டத்தட்ட 18 அம்பியர். அதற்குமேல் பாட்டுப் பெட்டி வேறு. பதினொன்று வருகிறது, பதினெட்டுப் போகிறது. ஆகவே டைனமோவைக் கழற்றிவிட்டு, ஜப்பான் வானிலோ பிக்கப்பிலோ இருந்து கழற்றிய ஒல்டனேட்டரைப் பூட்டுவது ஊர்வழக்கம். கொழும்புப் பஞ்சிகாவத்தையில் வாங்கிய ஒன்றை சித்தப்பாவும் பூட்டினார். இரும்புப் பட்டத்தை வெட்டி, ஓட்டை போட்டு, வெல்டிங் பிடித்து, வர்ணமும் அடித்தார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

முதல் மழைக்கால உழவில் பற்றரி நன்றாகவே இருந்தது. அறுவடையில் செத்தது. அடுத்த வருடமும் அப்படியே. யாரும் அதைக் கவனிக்கவில்லை.

தண்ணீரூற்றுப் பக்கத்திலிருந்து வந்த வயரிங்காரர்தான் கவனித்தார். அவர் பற்றரியைத் தொடவே இல்லை. வந்ததும் கேட்ட முதல் கேள்வி, "அண்ணை, இது எந்த நாளில சாகுது?"

"அதென்ன நாள் கணக்கு?"

"உழுகிற நாளிலயோ, ஏத்தி இறக்கிற நாளிலயோ?"

சித்தப்பா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "ஏத்தி இறக்கேக்கதான்" என்றார். உழவு நாளில் எஞ்சின் காலையில் கிளம்பினால் வேகமாகவே சுழன்றுகொண்டிருக்கும். மூட்டை ஏற்றும் நாளில் கிளப்பு, பத்து அடி நகர்த்து, நிப்பாட்டு, மறுபடி கிளப்பு. வேகம் பிடிக்கும் தருணமே வராது. வயரிங்காரர் தலையை ஆட்டிக்கொண்டு பையிலிருந்து ஒரு ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார்.

அவர் அதை வைத்து என்ன செய்தார் என்பது விளங்க, முதலில் டைனமோ, ஒல்டனேட்டர் என்ற இரண்டு யந்திரங்களின் குணவேறுபாடு தெரிய வேண்டும்.

காந்தப்புலத்துக்குள் கம்பிச்சுருள் அசைந்தால் அதில் மின்னோட்டம் தூண்டப்படும் என்பதை ஃபரடே 1831இல் காட்டினார். அந்தக் காந்தத்துக்கு எங்கே போவது? நிலைக்காந்தம் வைத்தால் பலம் போதாது. மின்காந்தம் வைத்தால் அதற்கு முதலில் மின்சாரம் வேண்டும். இந்த முடிச்சை 1866, 1867ஆம் ஆண்டுகளில் சீமென்ஸ், வீற்ஸ்டன், வார்லி ஆகியோர் ஏறக்குறைய ஒரே வேளையில் அவிழ்த்தார்கள். ஒருமுறை காந்தமான இரும்பு, மின்சாரத்தை நிறுத்திய பிறகும் காந்தத்தை முழுதாக இழப்பதில்லை, சொற்பம் மிஞ்சியிருக்கும். அந்த மிச்சக் காந்தத்தில் சுழலும் சுருளில் சின்ன மின்னோட்டம் பிறக்கும். அதை மின்காந்தச் சுருளுக்கே அனுப்பினால் காந்தம் கொஞ்சம் வலுக்கும், மின்னோட்டம் இன்னும் கூடும். இப்படி ஒன்றையொன்று தூக்கிவிட்டு முழு பலத்துக்கு வந்துவிடும். டைனமோ இந்தச் சொத்தில் வாழ்கிற யந்திரம். வருடக்கணக்கில் மூலையில் கிடந்தாலும் பெரும்பாலும் தானாக விழித்துக்கொள்ளும். மறந்திருந்தால் பற்றரியிலிருந்து ஒரு கணம் அதன் சிறிய முனையைத் தொட்டு ஞாபகப்படுத்துவார்கள்.

டைனமோவில் மின்சாரம் பிறப்பது சுழலும் பகுதியில். அவ்வளவு அம்பியரும் செப்புத் துண்டுகள் அடுக்கிய திசைமாற்றி வழியாக, காபன் கட்டைகளில் உரசிக்கொண்டு வெளியே வர வேண்டும். அதிக வேகத்தில் சுழற்றினால் பொறி பறந்து காபன் தேயும், சுருளும் பிய்த்துக்கொள்ளும். ஆகவே மெதுவாகவே சுழற்ற முடியும். எஞ்சின் சும்மா ஓடும்போது டைனமோ ஏறக்குறைய எதுவும் தராமல் இருப்பது அதனால்தான்.

ஒல்டனேட்டர் இந்த ஏற்பாட்டைத் தலைகீழாக்கியது. காந்தம் நடுவில் சுழலும், மின்சாரம் சுற்றியிருக்கும் அசையாத சுருளில் பிறக்கும். காபன் வழியே போவது காந்தத்துக்கான இரண்டு மூன்று அம்பியர் மட்டும். கூடிய வேகமும் தாங்கும் என்பதால் சின்னப் புல்லி போட்டுச் சுழற்றலாம். வருவது ஆடலோட்டம், பற்றரிக்கு வேண்டியது நேரோட்டம். இடையில் ஆறு இருவாயிகள், கராச்சில் சொல்வதானால் டயோட்டுகள், நின்று ஒரு திசையில் மட்டும் விடும். மலிவான சிலிக்கன் டயோட் வந்த பிறகுதான் இது வாகனத்துக்குக் கட்டுப்படியானது. அமெரிக்காவில் 1960இல் கிறைஸ்லர் தன் வேலியன்ற் காரில் பூட்டியது. கொவென்றியில் சித்தப்பாவின் மெசின் பிறந்ததும் ஏறக்குறைய அதே காலம்தான், ஆனால் அதற்கு வாய்த்தது டைனமோ.

இங்கே ஒரு வேடிக்கை. சைக்கிளில் நாங்கள் 'டைனமோ' என்று சொல்வது உண்மையில் டைனமோ அல்ல. உள்ளே நிலைக்காந்தம் சுழல்கிறது, வெளியே வருவது ஆடலோட்டம், ஆகவே அது ஒல்டனேட்டரின் தம்பி. 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக்காலத்தில் வன்னிக்குப் பற்றரி வர முடியாதபோது, சைக்கிளைக் கவிழ்த்து வைத்து மிதிகட்டையைக் கையால் சுற்றி ரேடியோ கேட்டோம். மின்குமிழுக்கு ஆடலோட்டம் போதும், ரேடியோவுக்குப் போதாது. பழைய ரேடியோவிலிருந்து கழற்றிய டயோட்டை இடையில் வைக்கவேண்டும் என்பது அப்போது எட்டாம் வகுப்புப் பொடியனுக்கும் தெரியும். பாடப்புத்தகத்தில் இருவாயி வர முதலே பி.பி.சி. தமிழோசை அதைப் படிப்பித்துவிட்டது.

ஒல்டனேட்டருக்கும் மிச்சக் காந்தம் உண்டு. ஆனால் அது மிகச் சொற்பம், டயோட்டுகளின் தடையைத் தாண்டி எழும்ப நல்ல வேகம் வேண்டும். அதனால்தான் அதற்கு வெளியிலிருந்து ஒரு தட்டிக்கொடுப்புத் தேவை. அதைக் கொடுப்பது டாஷ்போர்டில் இருக்கும் சின்னச் சிவப்பு விளக்கு. பலருக்கும் அது எச்சரிக்கை விளக்கு மட்டும்தான். சாவியைப் போட்டதும் பற்றரியிலிருந்து மின்னோட்டம் விளக்கு வழியாக ஒல்டனேட்டரின் 'எல்' முனைக்குப் போய், காந்தச் சுருளைக் கடந்து நிலத்துக்கு, அதாவது மெசினின் உடம்புக்கு, இறங்கும். 2.2 வாற்றுக் குமிழ் என்றால் ஓட்டம் 0.18 அம்பியர் அளவு. காந்தம் அதில்தான் விழிக்கிறது. எஞ்சின் கிளம்பியதும் ஒல்டனேட்டர் தன் காந்தத்துக்குத் தானே மின்சாரம் கொடுக்கத் தொடங்கும். அப்போது விளக்கின் மறுபக்க முனையிலும் வோல்ற்றளவு ஏறிவிடும். துருசின் உள்ளேயும் வெளியேயும் ஒரே நீர்மட்டம் என்றால் தண்ணீர் ஓடாது அல்லவா? விளக்கும் அப்படித்தான் அணைகிறது. யாரும் அதை அணைப்பதில்லை.

இப்போது ஸ்க்ரூ டிரைவர். எஞ்சின் ஓடாமல், சாவியை மட்டும் போடச் சொல்லிவிட்டு, வயரிங்காரர் அதன் நுனியை ஒல்டனேட்டரின் பின்பக்கப் பெயரிங் அருகே கொண்டுபோனார். காந்தம் விழித்திருந்தால் நுனியைச் சட்டென்று இழுத்து ஒட்டவைக்கும். ஒன்றுமில்லை. கைநடுக்கத்தில் ஆடியதே தவிர, பிடிக்கவில்லை.

"சிவப்பு லைற் எரியுதே?" என்றேன். எரிந்துகொண்டுதான் இருந்தது, பளிச்சென்று.

"அதுதான் தம்பி பிரச்சினை. இவ்வளவு வடிவா எரியக்கூடாது." மூடியைக் கழற்றிக் காட்டினார். உள்ளே பழைய குமிழ் இல்லை. யாரோ எல்ஈடி ஒன்றைப் பூட்டியிருந்தார்கள். யாரோ என்ன, சித்தப்பாதான். ஒல்டனேட்டர் பூட்டிய கையோடு, 'எல்லாத்தையும் புதுசாக்குவம்' என்று மாற்றியது. எல்ஈடிக்கு எரிய 0.02 அம்பியர் போதும். ஒளி கூட, ஓட்டமோ ஒன்பதில் ஒரு பங்கு. காந்தத்தை எழுப்ப அது போதவில்லை. உழவு நாளில் எஞ்சின் உறுமும்போது மிச்சக் காந்தமே போதுமாகி ஒல்டனேட்டர் விழித்துவிடும். ஒருமுறை விழித்தால் எஞ்சின் நிற்கும்வரை பிறகு தூங்காது. ஏற்றி இறக்கும் நாளில் அந்த வேகம் வருவதில்லை. ஒவ்வொரு கிளப்பலுக்கும் பற்றரியிலிருந்து எடுப்பு மட்டும், வைப்பு இல்லை.

அவர் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றின் சிக்னல் விளக்கிலிருந்து கழற்றிய குமிழ் ஒன்றை இரண்டு வயரில் கட்டி வைத்திருந்தார். எல்ஈடியின் இடத்தில் அதைப் பிடித்தார். மங்கலான, மஞ்சளோடிய வெளிச்சம். ஸ்க்ரூ டிரைவரைக் கொண்டுபோனதும் 'டக்' என்று ஒட்டியது. என் கையில் தந்தார். பிய்த்து எடுக்கக் கொஞ்சம் பலம் வேண்டியிருந்தது.

இதை எல்லா ஒல்டனேட்டருக்கும் பொருத்திவிடக் கூடாது. பிந்திய ஜப்பான் வகைகள் பலவற்றில் சாவியிலிருந்து தனி வயர் ஒன்று நேரே உள்ளே போய்க் காந்தத்தை எழுப்பும், விளக்கு வெறும் அறிவிப்புத்தான். பழைய வகையா புதிய வகையா என்று பார்க்காமல் வயரை மாற்றிக் குத்தினால் உள்ளே இருக்கும் சீராக்கி போய்விடும்.

கிளப்பி, மீற்றரைப் பற்றரியில் வைத்தார். 12.2 வோல்ற்றில் கிடந்தது 13.4க்கு ஏறி அங்கேயே நின்றது. நான் சந்தோஷப்பட்டேன், அவர் முகம் சுளித்தார். ஓடும்போது 13.8க்கும் 14.4க்கும் இடையில் நிற்பதே சரி. மீற்றரின் ஒரு காலை ஒல்டனேட்டரின் உடம்பிலும் மறுகாலைப் பற்றரியின் எதிர்முனையிலும் வைத்தார். 0.7 வோல்ற். இரண்டும் ஒரே நிலம், நடுவில் 0.2க்கு மேல் இருக்கக் கூடாது. அழகாக அடித்த வர்ணம் இங்கே வேலையைக் காட்டியது. பட்டத்துக்கும் எஞ்சினுக்கும் நடுவில் இரும்பு இரும்பைத் தொடவில்லை, நட்டின் புரியில் மட்டும் தொட்டுக்கொண்டிருந்தது. தடை சிறியதுதான், ஆனால் இருபது அம்பியர் அதன் வழியே போனால் வோல்ற்றளவு அங்கேயே விழுந்துவிடும். அரத்தால் வர்ணத்தைச் சுரண்டி, உடம்பிலிருந்து பற்றரிக்குத் தடித்த வயர் ஒன்றை இழுத்தார். 14.1.

நந்திக்கடல் காற்றடிக்கும் ஊரில் இந்த இணைப்புகள்தான் முதலில் போகும். வயரின் தோல் நல்லதாக இருக்கும், உள்ளே செம்பு பச்சை பூத்து மாவாகியிருக்கும். வற்றாப்பளைப் பொங்கலுக்கு முன் எங்கள் காட்டா விநாயகர் கோயிலில் கடல்நீர் வார்த்து விளக்கெரிப்பது வழக்கம். "கோயிலில விளக்கை எரிக்கிற உப்பு, மெசினில வந்து நூத்துப்போடும்" என்று சிரித்தார் வயரிங்காரர், வயரின் நுனியைச் சீவிக்கொண்டே.

அப்படியென்றால் மூன்று பற்றரியும் நல்லவையா? கடைசி நாளில் அவை உண்மையாகவே செத்துத்தான் இருந்தன. ஈய-அமிலப் பற்றரி இறங்கும்போது தட்டுகளில் ஈய சல்பேற் படியும். உடனே ஏற்றினால் கரைந்துவிடும். அரைவயிற்றோடு வாரக்கணக்கில் விட்டால் அது கெட்டிப் படிகமாகி, பிறகு எவ்வளவு ஏற்றினாலும் மசியாது. எங்கள் வெயிலில் தன்னால் இறங்கும் வேகமும் கூட. ஓய்வில் 12.6 வோல்ற் காட்டினால் நிறைவு, 12.2 என்றால் பாதி. பாதியிலேயே வாழவைத்தால் ஆயுளும் பாதிதான். மூன்றையும் கொன்றது விற்றவர் அல்ல. சித்தப்பாவிடம் இதைச் சொல்ல எனக்கு இரண்டு நாள் எடுத்தது.

ஏற்றம் சரியாக இருந்தும் இரவோடிரவாகப் பற்றரி இறங்கும் மெசின்களும் உண்டு. அதற்கு மீற்றரும் வேண்டாம். விடிய, எஞ்சினைக் கிளப்ப முதல், ஒல்டனேட்டரில் கையை வைத்துப் பார்க்க வேண்டும். பனிக்குளிரில் மற்ற இரும்பெல்லாம் சில்லென்றிருக்க அது மட்டும் இளஞ்சூடாக இருந்தால், டயோட் ஒன்று பழுதாகிப் பற்றரியின் மின்சாரம் இரவு முழுக்கத் திரும்பி ஓடியிருக்கிறது.

டைனமோவை ஒல்டனேட்டராக மாற்றிப் பூட்டும்போது நடக்கிற மிகப் பெரிய விபத்து வேறு. அந்தக் காலத்துப் பிரித்தானிய வாகனங்கள் பலவற்றில் பற்றரியின் நேர்முனையைத்தான் உடம்பில் பூட்டினார்கள், இன்றைய வழக்கத்துக்கு நேர் எதிர். டைனமோவுக்கு எப்படியானாலும் சரி. ஸ்டாட்டரும் கவலைப்படாது, முனையை மாற்றினாலும் அதே திசையில்தான் சுற்றும். ஆனால் ஒல்டனேட்டரின் டயோட்டுகள் எதிர்முனை நிலத்தை நம்பிச் செய்யப்பட்டவை. பழையபடியே பற்றரியைப் பூட்டினால் ஆறும் ஒருசேரத் திறந்து, பற்றரி தன்னைத்தானே அவற்றினூடாகக் கொட்டும். புகை வருவதற்குள் கழற்றக் கை போகாது. சித்தப்பாவின் மெசினில் இதைக் கவனித்துப் பற்றரியைத் திருப்பிப் பூட்டியிருந்தார்கள். அம்பியர் மீற்றரின் இரண்டு வயரை மட்டும் மாற்ற மறந்துவிட்டார்கள். அதனால் ஏற்றும்போது ஊசி இறக்கத்தைக் காட்டும், இறங்கும்போது ஏற்றத்தை. பற்றரி செத்துக்கொண்டிருந்த நாள் முழுக்க அது நிறைவாக ஏறுவதாகச் சொல்லிக்கொண்டிருந்தது. ஊசி பொய் சொல்வது தெரிந்து சித்தப்பா அதைப் பார்ப்பதையே விட்டிருந்தார்.

கழற்றிய டைனமோ இன்னும் வீட்டில் இருக்கிறது. முற்றத்தில் காயப்போட்ட நெல்லை மூடும் படங்கு காற்றில் எழும்பாமல் ஒரு மூலையில் பாரமாக. வயரிங்காரர் போன பின்னேரம் அதைத் தூக்கிவந்து, பெரிய முனையையும் சின்ன முனையையும் கம்பியால் இணைத்தேன். பழைய ஊசி மீற்றரின் சிவப்புக் காலை அந்தக் கம்பியிலும் கறுப்புக் காலை உடம்பிலும் வைத்து, புல்லியில் கயிறு சுற்றி, பம்பரம் விடுகிறமாதிரி இழுத்தேன். ஊசி அசைந்தது, ஆனால் வலப்பக்கம் போகவில்லை. பூச்சியத்துக்கு இடப்பக்கம் துள்ளி, சுழற்சி அடங்க மெல்லத் திரும்பியது. நான் மறுபடியும் கயிற்றைச் சுற்றினேன். மறுபடியும் இடப்பக்கம். அதற்குத் தெரிந்த நிலம் இன்னும் நேர்முனைதான்.